பாக்கியம் சொன்னதும் நான் சொன்னதும்

ஒரு பெண் சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். வாய் தவறி அல்ல. மொழி தெரியாமலும் அல்ல. தெரிந்தே, நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். அதனால் ஒரு தெருவுக்குக் கிடைக்க வேண்டிய தண்ணீர் கிடைக்காமல் போனது.

இதை எழுதும்போது கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன்... நடுங்கவில்லை. கண்ணும் கலங்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல மரத்துக் கிடக்கிறது மனம். நான் உருகி உருகி எழுதுகிறேன் என்று எண்ணி எனக்கு இரக்கம் காட்டிவிடாதீர்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். கோடை விடுமுறையில் எங்கள் சபைக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு தொண்டர் குழு வந்தது. திருவாதவூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் தங்கி, அங்கே நிலமில்லாமல் கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்குக் கிணறு வெட்டிக் கொடுப்பது அவர்கள் நோக்கம். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று போதகர் ஆராதனையில் அறிவித்தார். நான் கை தூக்கினேன்.

ஊழியம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், கோடை முழுவதும் வெள்ளைக்காரர்களோடு ஆங்கிலம் பேசலாம் என்ற ஆசைதான். ஆசைக்கு ஊழியம் என்று பெயர் வைப்பது எங்களுக்குக் கைவந்த கலை.

குழுவுக்குத் தலைவி மார்கரெட் அம்மையார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் தோல் உரிந்து சிவந்த பிறகும் தொப்பி போடமாட்டார். ஊர்ப் பெண்கள் போடவில்லையே என்பார். அவரோடு வந்தவர்கள் எல்லாரும் இளைஞர்கள். அவர்கள் பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும், நம் நாட்டுப் பெண்பிள்ளை என்று, ஊரின் பெரிய வீட்டில் இடம் கொடுத்தார்கள்.

பெரிய வீட்டுக்காரருக்கு அந்த ஊர் வயல்களில் பாதி சொந்தம். அவருடைய மனைவி முதல் நாளே என் தாத்தாவின் ஊரைக் கேட்டார். சொன்னேன். தெருவைக் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, அப்ப நீ நம்ம புள்ளதான். வேதத்துல சேந்தா ரத்தம் மாறிருமா? உள்ள வாத்தா, அடுப்படியில உக்காந்து சாப்புடு."

கிறிஸ்துவுக்குள் சாதி கிடையாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்! அதை அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளே போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். நெய் ஊற்றினார். சுகமாக இருந்தது... அதுதான் உண்மை, சுகமாக இருந்தது.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தது. கூலிக்காரர்களின் தெருப் பெண்கள் அதில் வாளி போடக்கூடாது. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். ஊர்ப் பெண் யாராவது மனம் வைத்துத் தன் வாளியிலிருந்து ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் வெயில் ஏறும்வரை நிற்பார்கள். மார்கரெட் அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, எவ்வளவு பொறுமையாக வரிசையில் நிற்கிறார்கள் என்று வியந்தார். நான் ஆமாம் என்றேன்.

கிணறு எங்கே வெட்டுவது என்று பேச, புளியமரத்தடியில் கூட்டம் கூடியது. பெரிய வீட்டுக்காரர் எழுந்தார். தன் மாந்தோப்பின் ஓரத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அங்கே ஊற்று நிச்சயம். வண்டியும் மாடும் தானே தருவதாகவும், தண்ணீரை எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து பாக்கியம் எழுந்தாள். கூலிக்காரர் தெருவைச் சேர்ந்தவள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவள் பெரிய வீட்டுக்காரரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தே பேசினாள்.

"டீச்சர், அவுக தோப்புல வெட்டுனா அது அவுக கெணறுதான். இன்னைக்கி எடுத்துக்கன்னுவாக. இந்தம்மா கப்பலேறுனதும் எங்கள வாளி போட விடமாட்டாக. எங்க தெருவுலயே தோண்டச் சொல்லுங்க. கொஞ்சமா ஊறுனாலும் போதும், நாங்களே எறச்சுக்கிருவோம். நான் சொல்றத அப்டியே அந்தம்மாட்ட சொல்லுங்க."

பெரிய வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியும் என்ற நம்பிக்கையோடு பார்த்தார்.

என்ன சொல்கிறார் என்று மார்கரெட் அம்மையார் கேட்டார்.

நான் சொன்னேன்: "தங்களுக்காக இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்கிறாள். கிணறு எங்கே வெட்டினாலும் தங்களுக்குச் சந்தோஷம்தான் என்கிறாள்."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

மார்கரெட் அம்மையார் எழுந்துபோய்ப் பாக்கியத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் நிறைந்திருந்தது. தான் கேட்டது போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாக்கியம் நினைத்தாள். அவள் கண்ணும் நிறைந்தது. இருவருக்கும் நடுவில் நான் நின்றேன்... அந்த இரண்டு முகங்களையும் அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை எனக்கு. பகல் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றியது.

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டம் குலைந்துவிடும் என்ற பயமா? ஊருக்குள் சண்டை வரும் என்ற எச்சரிக்கையா? இப்படியெல்லாம் நானே எனக்குப் பல வருடம் காரணம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. அந்த அடுப்படியில் எனக்குக் கிடைத்த இடம் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். நெய்ச் சோற்றுக்காக என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

மறுநாள் மாந்தோப்பில் கோடு கிழித்தார்கள். பாக்கியம் என்னைத் தேடி வந்தாள்.

"டீச்சர், அந்தம்மாட்ட சொன்னீகள்ல?"

இதோ, கடவுளாகப் பார்த்து இரண்டாவது வாய்ப்பைக் கொடுத்தார். மார்கரெட் அம்மையார் கூப்பிடும் தூரத்தில்தான் மண்வெட்டியோடு நின்றார்.

"சொன்னேனே. உங்க தெருவுல அடியில பாறையாம். தண்ணி வராதுன்னுட்டாங்க" என்றேன்.

அவள் தோப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"சரி. நீங்க என்ன செய்வீக. சொன்னீகள்ல, அது போதும்."

பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மண் சுமக்கப் போனாள். அந்தத் தெருவே வந்து உழைத்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் கை கொப்புளிக்க வெட்டினார்கள். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு நிழலில் நின்றேன். மண்வெட்டி, கூடை, கயிறு, மெதுவாக, இன்னும் கொஞ்சம்... அவற்றையெல்லாம் பிழையில்லாமல் சொன்னேன்.

கோடை முடிவதற்குள் தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர். திறப்பு விழாவில் மார்கரெட் அம்மையார் பேசினார். ஒவ்வொரு வாக்கியமாக நான் தமிழில் சொல்லிவந்தேன். திடீரென்று அவர் பாக்கியத்தைக் கைகாட்டி, இந்தக் கிணறு எங்கே அமைந்தாலும் சந்தோஷமே என்று சொன்ன அந்தத் தாயின் பெருந்தன்மையை என் நாட்டில் எல்லாருக்கும் சொல்வேன் என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

ஊரே என் வாயைப் பார்த்தது. அதைத் தமிழில் சொன்னால் பாக்கியத்துக்கு எல்லாம் விளங்கிவிடும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஒட்டிய நாக்கு சீக்கிரமே பிரிந்துவிட்டது. பழகிப்போன நாக்கு அல்லவா!

"பாக்கியம் அம்மாவின் உழைப்பை மறக்கவே மாட்டேன் என்கிறார்" என்று சொன்னேன். கை தட்டினார்கள். பாக்கியம் கும்பிட்டாள். முதல் வாளித் தண்ணீரை மார்கரெட் அம்மையார் அவளையே இறைக்கச் சொன்னார். இறைத்தாள். பெரிய வீட்டுக்காரர் புன்னகையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பழைய துணிகளைக் கொடுக்க அந்த ஊருக்குப் போனேன். தோப்புக்கு முள்வேலி போட்டிருந்தது. வேலிக்கு வெளியே குடங்களை வைத்துக்கொண்டு அந்தத் தெருப் பெண்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து ஊர்ப் பெண் ஒருத்தி தனக்கு மனம் வந்தபோது ஊற்றினாள். பாக்கியம் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் துணி மூட்டையைப் பள்ளிக்கூடத்தில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அதன்பிறகு போகவில்லை.

யாரிடமாவது சொன்னாயா என்று கேட்பீர்கள். போதகரிடம் சொல்லவில்லை. மார்கரெட் அம்மையாரிடம் சொல்லவில்லை. அவர் தன் சபையில் என் வாக்கியத்தைப் பாக்கியத்தின் வாக்கியமாகச் சொல்லிக்கொண்டே காலம் கழித்திருப்பார். ஞாயிறுதோறும் பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து நானும் சொன்னேன். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது யாருடைய பாவம் எது என்று யாருக்குத் தெரிகிறது?

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், சிம்மக்கல் பஸ் நிறுத்தத்தில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். பாக்கியம்! தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் பெஞ்சில் காய்கறிக் கூடையோடு அவள் மருமகள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"அவனியாபுரத்துல. ஊர விட்டு வந்து நாளாச்சு. மழையில்லாத வருசம்... புள்ளைக தாகத்துல கெடக்கு, ஊத்த ஆளில்ல. வேலியத் தாண்டி நானே வாளியப் போட்டு எறச்சுட்டேன். மறுநாள்லருந்து ஒருத்தரும் எங்கள வேலைக்குக் கூப்புடல. எம்புட்டு நாளைக்கிப் பட்டினி கெடக்குறது? வந்துட்டோம்."

சந்தைக்குப் போய்வந்த கதைபோல அதைச் சொன்னாள். என் வாய்க்குள் வார்த்தைகள் தயாராக இருந்தன. நான் உன் பேச்சைச் சொல்லவே இல்லை, பாக்கியம். பாறை என்று அந்த அம்மா சொல்லவே இல்லை. தமிழில்தான் சொல்ல வேண்டும், மொழிபெயர்க்கக்கூடத் தேவையில்லை.

அதற்குள் அவள் மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுவேன்ல, அந்த டீச்சர் இவுகதான். அம்புட்டுப் பேரு நடுவுல நமக்காக வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னவுக. அந்த வெள்ளக்காரம்மாதான் கேக்கல. எந்திரிச்சு எடங்குடு ஆத்தா."

மருமகள் கூடையை நகர்த்திவிட்டு மரியாதையோடு எழுந்து நின்றாள்.

நான் உட்கார்ந்தேன்.