காற்று வழியை அடைத்தவன் நான்

பங்களா மேனேஜரே, இந்தப் பத்திரிகை வழியாகவே உம்மைக் கேட்கிறேன்: தோட்டக்காரர் அந்தோணி மேல் நீர் பொய்ப்பழி போட்டீர்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் தோணி கட்டிக்கொண்டிருந்த என்னை, வெள்ளைக்காரன் காலத்துக் கண்ணாடிச் செடிவீட்டைப் பழுதுபார்க்கக் கூப்பிட்டீர். தோணிக்குச் செய்வதுபோலவே பஞ்சும் குங்கிலியமும் வைத்து எல்லா இடுக்கையும் அடைத்தேன். கூரையோரக் காற்று வழியையும் விடவில்லை.

“அண்ணாச்சி, செடிக்கும் மூச்சு முட்டும்லா?” என்றார் அந்தோணி.

“ஏலே, நான் அடைச்சா ஒரு சொட்டு இறங்காது” என்று சிரித்தேன்.

நாலே நாள் வெயிலில் செடிகள் வெந்துபோயின. நான் அடைத்த இடத்தை நீர் தொட்டுப் பார்த்தீர். பிறகும், தண்ணீர் ஊற்றவில்லை என்று சொல்லி அந்தோணியைத்தான் வேலையைவிட்டு நீக்கினீர். நான் வாய் திறக்கவில்லை.

வாசலில் அவர், “ரெண்டு பேர் பொழப்பும் போகாண்டாம் அண்ணாச்சி” என்றார். அன்றிலிருந்து என் கைவேலையைப் பற்றிப் பெருமை பேசியதில்லை.

தப்பு என்னுடையது. தெரிந்தும் அவரை ஏன் விரட்டினீர்? இதே பத்திரிகையில் பதில் எழுதும்.