பாலத்துக்கு இந்தப் பக்கத்துக் காசு

காசை நீட்டியதும் மாலினேயோவின் கட்டைவிரல் நோட்டை ஒரு தடவு தடவும். லெசோத்தோவின் மலோட்டி என்றால் மேசை மேல் தகர டப்பாவுக்கு. தென்னாப்பிரிக்க ராண்டு என்றால் கம்பளிப் போர்வைக்குள், இடுப்புப் பைக்கு. கண் மட்டும் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகராது. மசேரு எல்லைப் பாலத்தில் அக்கரைத் தென்னாப்பிரிக்காவுக்குப் போக நிற்கும் வரிசைக்கு மக்வென்யா மாவுருண்டை பொரித்து விற்கிறாள்.

"வயிறு நாளுக்கு நாள் பெருக்குதே அக்கா, உள்ள பேங்க் ஏதும் நடத்துறியா?" என்பான் பக்கத்தில் ரீசார்ஜ் அட்டை விற்கும் செக்கோ.

"தின்னு கொழுத்தது தம்பி. ராண்டுக்கு நான் எங்க போவேன்?"

இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றுதான் அரசாங்கம் சொல்கிறது. ராண்டு இங்கேயும் ஓடும். நம் மலோட்டிக்குத்தான் ஆற்றைத் தாண்டக் கால் வராது. அக்கரையில் புளூம்ஃபொன்டெய்னில் படிக்கும் மகள் லினேயோவுக்குக் காலணி வாங்கப் போன அன்று மலோட்டி நோட்டை அங்கே கடைக் கல்லாவில் வைத்தாள். "இது இங்க போகாதும்மா. பாலத்துக்கு அந்தாண்ட மாத்திட்டு வாங்க." கல்லாக்காரி சொன்னது சுத்தமான செசோத்தோவில், மாலினேயோவின் தாய்மொழியிலேயே. பின்னால் வரிசை. லினேயோ இரண்டடி தள்ளிப்போய், யாரோ போல, பிஸ்கட் பொட்டலத்தைப் படித்துக்கொண்டு நின்றாள். நோட்டிலிருந்த மன்னர் படத்தைக் குப்புறக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தவள்தான். அன்றிலிருந்து கைக்கு வந்த ராண்டு வெளியே போனதில்லை.

இன்று காலை ரபிட்சோ பெரியவர் ஒரு மலோட்டி நோட்டை நீட்டினார். "மாத்திக் குடும்மா. அக்கரை லேடிபிராண்டுலதான் வீட்டுக்காரிக்கு இழுப்பு மருந்து கிடைக்குது."

"இல்லையே ஐயா."

எப்படியும் வாங்கிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் போனார். மதியம் அதே நோட்டோடு வந்து, பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"வாங்கலையா?" என்றான் செக்கோ.

"அந்த மருந்துக் கடைப் பொண்ணு மரியாதையாத்தான் சொல்லிச்சு." பிறகு மாலினேயோ பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? உன்கிட்டயே இல்லாதப்ப நீ என்ன செய்வ? ரெண்டு உருண்டை குடு. இங்கயாச்சும் இது செல்லுதே."

சட்டியில் உருண்டைகள் கருகத் தொடங்கின. செக்கோ பார்த்துக்கொண்டிருக்க, வரிசை பார்த்துக்கொண்டிருக்க, மாலினேயோ போர்வையைச் சேர்த்துக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, இடுப்புப் பைக்குள் கையை விட்டாள்.