எஞ்சின் பக்கம் உட்காராத அப்பா

அப்பாவுக்குக் கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுதினால் மனது கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

இது எனக்கு ஏழு வயதில் நடந்தது. அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். நானும் அம்மாவும் மூலக்குளத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். மீன்பிடிக்கப் போகிற அப்பா கடற்கரையில் வைத்திக்குப்பத்திலேயே தங்கிவிட்டார். கோர்ட்டில் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் அவரோடு இருக்கலாம்.

அப்பா வக்கீலுக்குப் பணம் கொடுத்தார். எங்களுக்கு மாதாமாதம் கொடுத்தார். மீன்பிடித் தடைக்காலத்தில் கடலுக்கே போக முடியாமல் கரையில் உட்கார்ந்திருந்தபோதும் கடன் வாங்கிக் கொடுத்தார். கடைசியில் தன் ஃபைபர் போட்டை எஞ்சினோடு சொந்தத் தம்பிக்கே, அதாவது இந்தச் சித்தப்பாவுக்கே, விற்றுவிட்டு, அதே போட்டில் தம்பியிடம் கூலிக்குப் போனார். இதுதான் சித்தப்பா சொன்னது. பெண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று குப்பத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டாராம்.

நானோ பள்ளிக்கூடம் பூராவும் எங்கள் அப்பா போட்டுக்காரர், சொந்தப் போட்டு வைத்திருக்கிறார் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். போட்டில் ஏற்று என்று வாராவாரம் அழுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தலையாட்டிவிட்டார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மாமா விடவில்லை. “இன்னாடா, பொட்டப் புள்ளய போட்டுல ஏத்துற? நாளைக்கி ஒரு நெத்திலிகூட மாட்டாது பாரு.”

“மாட்டலன்னா ஒன் வலையிலேர்ந்து அள்ளிக்கிறேன் மாமா,” என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

எங்கள் கரையில் போட்டுக்காரர்தான் பின்னால் எஞ்சினைப் பிடிப்பார். கூலிக்கு வருகிறவர்கள் முன்னால் இருப்பார்கள். அது எனக்கே தெரியும். போட்டைத் தண்ணீரில் தள்ளியதும், எங்களோடு வந்த சித்தப்பா பழக்கத்தில் நேராகப் போய் எஞ்சின் பக்கம் உட்கார்ந்துவிட்டார்.

“சித்தப்பா, அது எங்கப்பா எடம். எந்திரி!” என்று கத்தினேன்.

தள்ளிவிட்டவர்கள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா முகம் கறுத்துப் போய் எழுந்து நின்றார். “வாண்ணே. நீயே புடி.”

இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்த அப்பா சட்டென்று, “ஒக்கார்றா. அல வருது, எந்திரிச்சி நிக்கிற,” என்று அதட்டினார். பிறகு ஏறி என்னிடம் வந்தார். “வாரம் பூரா எஞ்சின்கூடதான கண்ணு கெடக்கிறேன். இன்னிக்கி எம்பொண்ணுகூட ஒக்காரக் கூடாதா?”

முன்பக்கத்தில் என்னை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு அலைக்கும் என் முகத்தில் தெறித்த தண்ணீரைத் துண்டால் துடைத்துவிட்டார். பின்னாலிருந்து சித்தப்பா, “எந்தப் பக்கம்ணே போவ?” என்று கேட்டார்.

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. “ஒன் இஷ்டம்டா,” என்றார்.

சாயங்காலம் மூலக்குளத்தில் கொண்டுவந்து விட்டார். வழக்கம்போல வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே நின்றார். நான் ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். “அம்மா, போட்ட சித்தப்பாதான் ஓட்டுச்சி. அப்பா முன்னால எங்கூடவே ஒக்காந்துகினு வந்துச்சி!”

அம்மா கனகசெட்டிக்குளத்தில் போட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். அப்பா குனிந்து வேட்டியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா விருட்டென்று உள்ளே போய்விட்டாள். என் பாவாடை நனைந்ததற்குத்தான் கோபம் என்று நினைத்தேன்.

“அப்பா, அடுத்த வாரமும் சித்தப்பாவே ஓட்டட்டும். நீ எங்கூடவே ஒக்காரு,” என்று வாசலிலிருந்து கத்தினேன்.

“சரி கண்ணு,” என்றார்.

அடுத்த வாரமும் அப்படியே உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் போன எந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பா எஞ்சின் பக்கம் போகவில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காகத்தான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.