பப்பாளி விதை மச்சம்

போன வாரம் தேக்கா மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு, கால் கடுக்குதேன்னு இழுத்து ஆத்துற டீ, ஒரு தே தாரிக் குடிக்க உக்காந்தேன். கடைச் சுவத்துல டிவி ஓடுது, சத்தமே இல்ல. ஏதோ பழைய சீன நாடகம். கல்யாணத் தரகுக்காரி ஒருத்தி, கன்னத்துல திராட்சை அளவு மச்சம், கையில விசிறி, இடுப்ப ஆட்டிக்கிட்டு வர்றா. எனக்கு வந்த சிரிப்புல தே மூக்குல ஏறிடுச்சு. பக்கத்துல இருந்த பொண்ணு காதுல மாட்டியிருந்தத கழட்டிட்டு, "பாட்டி, ஓகேவா?"ன்னு கேட்டுச்சு. "ஓகே லா"ன்னேன். ஆனா கண்ணு நெறைஞ்சு போச்சு.

உங்கிட்ட சொல்றதுக்கென்ன. சிரிப்பு நாடகத்துல அளவா நடிக்கிறவங்கள எனக்குப் பிடிக்காது. அளவாப் பேசி, அளவாச் சிரிக்கிற மனுசங்க வீட்டுலயே இருக்காங்களே! டிவியில வந்தா மிஞ்சித்தான் நடிக்கணும். மீசைய முறுக்கி ஊரையே மிரட்டுவான், கரப்பான்பூச்சியப் பாத்தா அலமாரி மேல ஏறிக்குவான், அவனப் பிடிக்கும். எதுக்கெடுத்தாலும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு மயங்கி விழுற மாமியாரு, விழுறதுக்கு முன்னாடி பின்னால சோபா இருக்கான்னு பாத்துக்குவா, அவளயும் பிடிக்கும். எல்லாருக்கும் மேல இந்த மச்சக்காரி. படத்துக்குக் கீழ எழுத்து ஓடும், எனக்கு எந்த எழுத்தும் ஒண்ணுதான். அவ கண்ண உருட்டுனாலே போதும், பொய் சொல்றான்னு தெரிஞ்சிடும்.

அவள எனக்குக் காட்டுனது ஆ லான் அக்கா. அப்ப நாங்க இருந்த மார்சிலிங் அடுக்குமாடியில பக்கத்து வீடு. எனக்கு சீனம் வராது, அவங்களுக்குத் தமிழ் வராது, மலாய்லதான் பேச்சு. நாடகம் ஆரம்பிச்சா சன்னல் வழியா, "மாரி, மாரி! தெங்கோ!"ன்னு கத்துவாங்க. மலாய்ல 'வா, வா! பாரு!'ன்னு அர்த்தம். நான் காரிடார்ல ஸ்டூலப் போட்டு, வெங்காயம் உரிச்சுக்கிட்டே அவங்க சன்னல் வழியா பாப்பேன். வெங்காயத்துல வந்த கண்ணீரா, சிரிச்சு வந்த கண்ணீரான்னு எனக்கே தெரியாது.

எங்க வீட்டுக்காரரு ஜூரோங்ல கப்பல் கட்டுற எடத்துல வெல்டர். பேச்சு ரொம்பக் கம்மி. "சோறு", "தண்ணி", "வர்றேன்", முடிஞ்சுது. ஆனா சாப்பிடுறப்ப பப்பாளி நறுக்கினேன்னா ஒரு விதைய எடுத்து கன்னத்துல ஒட்டிக்குவாரு. பேப்பர விசிறியா மடிச்சுக்கிட்டு, தீப்பொறி பட்டுத் தழும்பேறுன கைய இடுப்புல வச்சு ஒரு நடை நடப்பாரு பாரு! ஒரு நாளு விதை ரசத்துல விழுந்துடுச்சு. "ஐயோ, என் அழகு போச்சே!"ன்னு கரண்டிய விட்டுத் தேடினாரு.

ஒரு காலையில கம்பெனி பஸ் ஏறப் போனவரு, பஸ் ஸ்டாப்புலயே சாஞ்சுட்டாரு. நெஞ்சுவலி. நெசமா நெஞ்சப் பிடிக்கிறவங்க பின்னால சோபா பாக்குறதில்ல.

எனக்கு அழுகையே வரல. வந்த சனமெல்லாம் "கல்லாட்டம் இருக்கா"ன்னு குசுகுசுன்னாங்க. அவரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன், டிவி மேல துண்டப் போட்டு மூடிட்டாங்க. "பதினாறு நாளைக்கு இதத் தொறக்கக் கூடாது." சரின்னேன். சனம் பேசுனது கூட வலிக்கல. அவரு மேல எனக்குப் பாசமே இல்லையோன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு, அதுதான் பயமா இருந்துச்சு.

ஒம்போதாம் நாளு சாயங்காலம் காரிடார்ல காயப்போட்ட துணிய எடுக்கப் போனேன். ஆ லான் அக்கா வீட்டு டிவி ஓடுது, ஆனா சத்தம் இல்ல. குடும்பமே ஊமையா உக்காந்து பாக்குது. மொத நாளு துக்கத்துக்கு வந்தப்ப எத்தன நாளுன்னு கேட்டாங்க, நான் பத்து விரலையும் ஆறு விரலையும் காட்டினேன். அவ்வளவுதான். சத்தத்த நிறுத்துங்கன்னு யாரும் சொல்லல.

டிவியில மச்சக்காரி மாப்பிள்ளை வீட்டுல குனிஞ்சா. மச்சம் கழண்டு டீக்கோப்பையில விழுந்துடுச்சு. விரல விட்டுத் தேடுறா. நான் சிரிச்சுட்டேன். வாய் விட்டு, சத்தமா.

அண்ணி ஓடி வந்தாங்க. "என்னடி இது? எந்தம்பி போயி பத்து நாளாகல. சிரிக்கிறியா?"

நிறுத்த முடியல. "அண்ணி... விதை... ரசத்துல..." அதுக்கு மேல சிரிப்பு அழுகையாயிடுச்சு. துணியோட தரையில உக்காந்து கத்தி அழுதேன்.

அண்ணி சன்னல்ல எட்டிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "இவளத்தானா?"ன்னாங்க. "எங்கிட்டயும் ஒரு தடவ நடந்து காட்டினான்டி. கிறுக்கா உனக்குன்னு திட்டிட்டேன்." எம்பக்கத்துல தரையில உக்காந்துட்டாங்க.

ஆ லான் அக்கா வெளிய வந்தாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஸ்டூலு போட்டுட்டு உள்ள போனாங்க. டிவிக்கு சத்தம் மட்டும் வைக்கல. பதினாறு நாளும் வைக்கல.

இப்ப நான் சுவா சூ காங்ல மவன் வீட்டுல இருக்கேன். அண்ணியும் இல்ல, ஆ லான் அக்காவும் இல்ல. எங்க மாடியில எல்லாக் கதவும் சாத்தித்தான் இருக்கு. பேத்திங்க ஆளுக்கொரு போன வச்சுக்கிட்டு தனித்தனியா சிரிக்குதுங்க. என்னன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல பாட்டி."

அன்னைக்கு தேக்காவுல கடைக்காரத் தம்பிகிட்ட கேட்டேன், "ஏன்பா டிவியில சத்தம் வைக்கல?"

"எப்பவும் அப்படித்தான் பாட்டி. யாரு கேக்குறா?"

அப்ப ஒரு வீடே எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்துச்சு. இது யாருக்காகவும் இல்ல. மச்சக்காரி போற வரைக்கும் உக்காந்து பாத்துட்டு, மீன் பையத் தூக்கிக்கிட்டு கெளம்பினேன்.