நான்கு ஆசிரியர்களும் நான்கு இன்ஜெக்டர்களும்

ஹயர் என்று வாடகைக்குக் கார் ஓடுகிறவனின் வேலை ஆட்களை ஏற்றி இறக்குவது என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதில் பாதி வேலை, தன் வண்டியைப் பற்றிப் பின் சீட்டில் பேசுவது காதில் விழாதது போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். உங்களிடமும் ஒரு பழைய டீசல் கார் இருந்தால் இதை நான் விளக்கத் தேவையில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் பஸ் தெரியாது, நம் புகைதான் தெரியும். தெரிந்தவர்கள் கூட நம்மை முந்திப் போகும்போது ஜன்னலை ஏற்றிக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

என் கார் அந்த ரகம். உக்குவளையில் ஒருவர், மாத்தளையில் மூவர் என்று நான்கு ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு, காலையில் நாவுல டவுனுக்கு அப்பால் உள்ள ஒரு பாடசாலைக்குப் போவேன். பிற்பகலில் கூட்டி வருவேன். நிரந்தரமான ஹயர் என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அது போனால் காரும் போகும் என்று எனக்கும் தெரியும், என் மனைவி ஜெயாவுக்கும் தெரியும்.

சாம்பிராணி

பாடசாலை ஒரு மேட்டில் இருக்கிறது. பெரிய ஏத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆட்களோடு என் கார் அதில் ஏறாது. கீழே தேங்காய்க் கடைக்கு முன்னால் நிறுத்துவேன். பின் சீட்டிலுள்ள மூன்று டீச்சர்களும் இறங்குவார்கள். கணக்குப் படிப்பிக்கும் சந்திரன் சேர் முழங்கால் வலிக்காரர், அவர் மட்டும் முன் சீட்டிலேயே இருப்பார். உக்குவளையில் முதல் ஆளாக ஏறும் ரிஸ்வானா டீச்சர் இந்த ஏத்தத்துக்கென்றே ஒரு சோடி ரப்பர் செருப்பை சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார். நல்ல செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்து ஏறி, மேலே கேட்டடியில் மாற்றிக்கொள்வார். கார் புகை விட்டுக்கொண்டு முன்னால் போகும். டீச்சர்மார் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் வருவார்கள். பிள்ளைகள் மதிலில் சாய்ந்து நின்று பார்ப்பார்கள்.

ஒருநாள் சந்திரன் சேர் திரும்பிப் பின்னால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி மாதிரி நான் முன்னுக்குப் போறேன், பின்னுக்கு சாம்பிராணி, மேளத்துக்கு ஒங்க இன்ஜின். நமக்கு என்ன குறை, செல்வம்?"

ஏசி வேன்

பாடசாலைத் தவணை முடிந்த அன்று பிற்பகல், ரிஸ்வானா டீச்சர் தன் வீட்டு வாசலில் இறங்கிய பிறகும் போகாமல் நின்றார். மற்றவர்களுக்காகவும் பேசுகிறவர் அவர்தான். வீட்டுக்கு வந்து துவைத்துப் போட்டாலும் சேலையில் டீசல் மணக்கிறது என்றார். நாவுல பக்கம் போகும் ஏசி வேன் ஒன்றில் நான்கு இடம் இருக்கிறதாம், அடுத்த தவணையிலிருந்து வரச் சொல்கிறார்களாம். இதையெல்லாம் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவர் மெதுவாக, எனக்கு வலிக்காமல் சொல்லப் பார்த்தார்.

விடுமுறைக்குள் வண்டியைச் சரியாக்கிவிடுகிறேன், முதல் நாள் மட்டும் என்னோடு வந்து பாருங்கள் என்று கேட்டேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"சரி அண்ணன், முதல் நாள் ஒங்க வண்டியிலதான் வருவோம். ஆனா அன்னைக்கும் சேலை மணந்தா அதுதான் கடைசி நாள். கோவிக்கக் கூடாது."

சும்மா இருக்கும் இருவர்

கராஜில் விட்டால் விடுமுறை முடியும்வரை வரிசையில் நிற்க வேண்டும். அதனால் வேலையை வீட்டு முற்றத்திலேயே தொடங்கினேன். துணைக்கு வந்தவர் இஸ்மாயில் நானா. மாத்தளை ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி போடுகிறவர். அவருடைய காரும் பழைய டீசல்தான், ஆனால் வாய் மட்டும் புது மாடல்.

வண்டி இப்படிப் புகை விட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். டீசல் வெளியே கசிந்துவிடுவதால் அந்த சிலிண்டர் வேலை செய்யாது. நல்ல இன்ஜெக்டர் என்றால் இன்ஜின் உடனே தடுமாறும். தடுமாறவில்லை என்றால், அந்த இன்ஜெக்டர் ஏற்கெனவே ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். முதலாவதைத் தளர்த்தினேன், இன்ஜின் குலுங்கியது. இரண்டாவதைத் தளர்த்தியபோது ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் நின்றே போகப் பார்த்தது.

நானா தலையை ஆட்டினார். "நாலு பேரு ஈக்கிற வீட்டுல ரெண்டு பேருதான் ஒழைக்கிறான். மத்தவன் ரெண்டு பேரும் தின்டுட்டு பொக விடுறான்."

மூன்றாவது ஆள்

நான்கையுமே மாற்றுவது என்று முடிவு செய்து புதியவை வாங்கி வந்தேன். பழையதில் மூன்று சுலபமாகக் கழன்றன. மூன்றாவது மட்டும் அசையவில்லை. கரி பிடித்து இன்ஜின் தலையோடு ஒன்றாகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டு ஊற வைத்தோம். தட்டினோம். ஸ்பேனர் கைப்பிடியில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீளமாக்கி இழுத்தோம். இன்னும் அழுத்தினால் நடுவில் முறிந்துவிடும் என்று பயமாக இருந்தது. முறிந்தால் தலையைக் கழற்ற வேண்டும், அதோடு விடுமுறையும் போய்விடும்.

கடைசியில் கழற்றியவற்றையெல்லாம் திரும்பப் பூட்டி, இன்ஜினை நன்றாகச் சூடாகும்வரை ஓட விட்டோம். அந்தச் சூட்டோடு மறுபடி ஸ்பேனரைப் போட்டோம். நானா தன் முழுப் பாரத்தையும் குழாயின் மேல் போட்டார். தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் நானாவைக் காணவில்லை. ஜெயாவின் மல்லிகைச் செடிக்குள் மல்லாந்து கிடந்தார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"என்னய உடுங்க தம்பி. அவன் கழண்டானா?"

இட்லித் தட்டு

கழற்றிய சாமான்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்று முறியாமல் வந்த அந்த மூன்றாவதையும் சேர்த்து, ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அதற்குரிய துண்டுகளையும் தனித்தனியாக வைத்திருந்தேன். அதற்கு வாகாக ஒரு பாத்திரம் சமையலறையில் அகப்பட்டது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வளையம் இருக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதிய வளையம் போட்டுத்தான் புதிய இன்ஜெக்டரைப் பூட்ட வேண்டும். நான்காவதுக்குரிய வளையம் இன்ஜெக்டரோடு வரவில்லை. பழசு, எரிந்து போயிருக்கும் என்றார் நானா. எனக்கும் அப்படி நம்புவது வசதியாக இருந்தது.

புதியதைப் பூட்டக் கையில் எடுத்தபோது ஜெயா வந்தாள். முதலில் தன் இட்லித் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தேன். திட்டவில்லை, குனிந்து குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மூன்று குழியில் வளையம் இருக்கிறது, நான்காவதில் எங்கே என்று கேட்டாள். நானா எரிந்த கதையைச் சொன்னார். செம்பு எங்கே எரியும், உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள் என்றாள்.

அடித்துப் பார்த்தோம். துவாரத்தின் அடியில், கரி பூசிக்கொண்டு, துவாரத்தின் விளிம்பு போலவே உட்கார்ந்திருந்தது. அதன் மேலேயே புதிய வளையத்தையும் போட்டுப் பூட்டியிருந்தால் இன்ஜெக்டர் சரியாக அமராமல், அந்த இடைவெளியால் அமுக்கமெல்லாம் சீறி வெளியேறியிருக்கும். செய்த வேலை அத்தனையும் வீண். சைக்கிள் கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து, கரி உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ளக் கிரீஸ் தடவி, மெல்ல மெல்லச் சுரண்டி வெளியே எடுத்தேன். நான்காவது குழியில் போட்டேன். ஜெயா அதுவரை பக்கத்திலேயே நின்றாள்.

"இப்ப நாலும் சரி. தட்ட நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேற ஒண்ணு வாங்கித் தாங்க."

லேஞ்சி

பூட்டி முடித்த பிறகு குழாய்களுக்குள் காற்று நின்றுவிடும். அதை வெளியேற்றாமல் எந்த டீசல் இன்ஜினும் உயிர் பிடிக்காது. நட்டுகளைத் தளர்த்தி வைத்துவிட்டு நான் சாவியைத் திருப்ப, நானா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நுரை வந்தது. பிறகு குமிழி. பிறகு சுத்தமான டீசல். ஒவ்வொன்றாக இறுக்கினோம். அதற்குள் பெட்டரி களைத்துப் போனது. நானாவின் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து வயர் கொடுத்தோம். மறுபடி திருப்பினேன். இருமியது. இன்னொரு தரம் இருமியது. பிடித்துக்கொண்டது.

கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து கலைந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. இருவரும் பின்னால் போய் நின்று ஒன்றும் வராததையே பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ரேடியோவில் சிங்களச் செய்தி வாசிப்பது தெளிவாகக் கேட்டது. இத்தனை நாளும் அந்த வீட்டில் ரேடியோ இருப்பது எனக்குத் தெரியாது. நானா சட்டைப்பையிலிருந்து தன் வெள்ளை லேஞ்சியை எடுத்து உதறி, சைலென்சர் வாய்க்கு முன்னால் பிடித்தார். எக்ஸலேட்டரை மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த லீவுக்கு என்ட வண்டி. இட்லித் தட்ட வீசிறாதீங்க."

கேட்டடியில்

தவணையின் முதல் நாள். ஜெயா டயருக்கு அடியில் வைத்த தேசிக்காய்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டேன். ரிஸ்வானா டீச்சரின் தெருவில் திரும்பினால், வழக்கமாக அவர் கேட்டுக்கு வெளியே நிற்பார். இத்தனை காலமும் யார் வீட்டு வாசலிலும் நான் ஹோர்ன் அடித்ததில்லை. ஆட்கள் என்மேல் வைத்திருந்த மரியாதையால்தான் நேரத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அன்று கேட் மூடியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. காத்திருந்தேன். ஏசி வேன் முன்னமே வந்து ஏற்றிக்கொண்டு போயிருக்கும் என்று தோன்றியது. முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் முதல் நாள் வருவதாகச் சொல்லியிருப்பார். இறங்கிப் பொனட்டில் கையை வைத்தேன். இன்ஜின் ஓடுவது கைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வீட்டுக்குப் போனால் ஜெயாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கேட் திறந்தது. டீச்சர் காதில் போனை வைத்தபடி நின்றார். என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க எப்ப வந்தீங்க? தெரு முனையில ஒங்க வண்டி சத்தம் கேட்டாத்தானே நான் வெளிய வருவேன். வரல்லன்னு நெனச்சு இப்ப வேன்காரருக்கு போன் அடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

ஏத்தம்

அவர் போனை வைத்துவிட்டு ஏறினார். மற்ற மூவரும் அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். மூன்று வாசலிலும் ஹோர்ன் அடித்தேன். பாடசாலை மணிக்கு முன்னால் போய்ச் சேருவோமா என்பது இப்போது சந்தேகமாகிவிட்டது. நாலந்தாவைத் தாண்டியதும் முன்னால் போன தம்புள்ளை பஸ்ஸை முந்தினேன். சந்திரன் சேர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். பின் சீட்டில் பேச்சில்லாமல் நான் அந்தப் பாதையில் போனது அதுதான் முதல் தடவை.

தேங்காய்க் கடை வந்தது. பழக்கத்தில் டீச்சர்மார் பைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கதவுப் பிடியில் கை வைத்தார். ரிஸ்வானா டீச்சர் ரப்பர் செருப்பைப் போட்டு முடித்திருந்தார். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது கியருக்கு மாற்றி மிதித்தேன். ஏறும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, அதனால்தான் யாரிடமும் முன்னமே சொல்லவில்லை. கார் ஏறியது. பாதி வழியில் இன்னும் கொஞ்சம் மிதித்தேன், அதற்கும் இடம் கொடுத்தது. கண்ணாடியில் பாதை தெரிந்தது. பாதையின் அடியில் தேங்காய்க் கடைக்காரர் வெளியே வந்து பார்த்துக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. மேலே மதிலில் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். சந்திரன் சேர் சாமி மாதிரியே கையை உயர்த்திக் காட்டினார்.

மணி இன்னும் அடிக்கவில்லை. எல்லோரும் இறங்கினார்கள். ரிஸ்வானா டீச்சர் மட்டும் கதவருகே நின்று, சேலை முந்தானையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். மற்ற இரண்டு டீச்சர்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அவர் குனிந்து ரப்பர் செருப்பைக் கழற்றி, நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, கழற்றியதை ஜன்னலால் என்னிடம் நீட்டினார்.

"வேன்காரர்கிட்ட வேணாம்னு நான் சொல்லிர்றேன். இத எங்கயாவது வீசிருங்க அண்ணன், இனித் தேவப்படாது."

ஆக, நான்கு இன்ஜெக்டர்களை மாற்றி நான்கு ஆசிரியர்களைக் காப்பாற்றிக்கொண்டேன், இனிமேல் நான்கு வாசலிலும் ஹோர்ன் அடிக்க வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.