நன்றிக்கு நடு எது

“மெஷின்தானே தைக்குது, உமக்கென்ன வேலை?”

ஜெயந்தினியிடம் இதைக் கேட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் எங்கள் கோயில் வாசலில் இருந்து வட்டுக்கோட்டைச் சந்தி வரைக்கும் போகும். அந்த வரிசையில் நானும் ஒரு காலம் நின்றவள். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

ஜெயந்தினி என் தம்பியின் மனைவி, எனக்கு மச்சாள். வயது நாற்பத்தாறு. மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய அண்ணன் ஜொனதன் ரொறன்ரோவில் இருந்து ஒரு எம்பிறொய்டறி மெஷின் அனுப்பினார். சின்னத் திரையில் ஒரு பூவைத் தெரிவுசெய்து பொத்தானை அழுத்தினால் ஊசி தானாக ஓடிப் பூவைத் தைத்துவிடும். அது உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் தைக்கும்? அதை ஒருவரும் கேட்பதில்லை.

அவள் முதன்முதலில் தைத்தது ஒரு தலையணை உறை. நடுவில் வரவேண்டிய ரோசாப்பூ ஓரத்துக்குப் போய், சாய்ந்து, விழப்போகிறதுபோல நின்றது. துணியை நாலாக மடித்து, இஸ்திரிக்கை போட்டு, மடிப்புக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை நடுவென்று வைத்துத்தான் தைத்தாள். ஆனால் துணியைப் பிடிக்கும் சட்டத்தைத் திருகி இறுக்கும்போது துணி இழுபடுகிறது. கோடும் கூடவே நகர்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. சொல்லிக்கொடுக்க ஊரில் ஆளில்லை. கூட வந்த புத்தகத்தில் பத்து மொழி இருந்தது, தமிழ் இல்லை.

என் தம்பி மூக்குத் துடைக்கும் கைக்குட்டை, எங்கள் ஊர் லேஞ்சி, அத்தனையிலும் கோணல் பூ. பாவம், அவன் கோயிலுக்கு வந்தால் தும்மலை அடக்கிக்கொண்டு இருப்பான். முப்பது வருடம் கணிதம் படிப்பித்த நான், அந்த லேஞ்சிகளைத் தூக்கிப் பார்த்து, “இது நாலு பாகை சரிவு, இது ஏழு பாகை” என்று பகிடி பண்ணினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் விடவில்லை. மடிப்புக்கோட்டை நம்பாமல், வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் நீளத் தையல் போட்டு அதையே கோடாக வைத்தாள். பூவை அதன் அளவிலேயே கடதாசியில் அச்செடுத்து, நடுவில் துளையிட்டு, துணியில் வைத்துப் பார்த்தாள். பொத்தானைத் தொடுமுன் மெஷினின் பக்கத்துச் சில்லைக் கையால் சுற்றி, ஊசிமுனை அந்தத் துளைக்குள் சரியாக இறங்குகிறதா என்று பார்த்தாள். இறங்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினாள். பத்து நிமிடம் தைக்கும் பூவுக்கு முக்கால் மணித்தியாலம் இந்த வேலை.

சட்டம் பூட்டப் பழகியபின் தமிழ் எழுத்து வந்தது. மெஷினுக்குள் இருந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. அவள் தன் கையாலேயே எழுதி, பழைய மடிக்கணினியில் அதைத் தையலாக மாற்றக் கற்றுக்கொண்டாள். தைக்கத் தொடங்குமுன் மெஷின் சட்டத்தை நாலு மூலைக்கும் நகர்த்தி, எந்தப் பெட்டிக்குள் தைக்கப்போகிறது என்று காட்டும். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“மச்சாள், இஞ்சை பாருங்கோ. இந்த ‘றி’ன்ரை விசிறி, மேலை வளையிற கோடு, வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிக்குது. மெஷின் அதின்ரை நுனியையும் சேத்துத்தான் நடுவைப் பிடிக்குது. அப்ப சொல் முழுக்க இடப்பக்கம் தள்ளுப்படுது. உதுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.”

நான் தலையை ஆட்டினேன். காதில் விழுத்தவில்லை.

போன வருடம் எங்கள் சபையின் அறுவடை நன்றி வழிபாட்டுக்குப் பிரசங்க பீடத்துக்குப் புதுத் துணி வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஜெயந்தினி தானாகவே, “நான் செய்து தாறன்” என்று கேட்டு வாங்கினாள். அவள் சபையில் வாய் திறந்து ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை. இருபது அங்குல அகலமான வெள்ளைத் துணி. நடுவில் சிலுவை, அதன்கீழ் பச்சை நூலில் ‘நன்றி’ என்று ஒரே சொல். அந்தத் துணி பீடத்தில் தொங்கவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

புதன்கிழமை பின்னேரம் துணியைக் கொண்டுபோனோம். சபைச் செயலாளர் இராசசிங்கம் அண்ணை, எழுபது வயது, சட்டைப் பையில் எப்போதும் அளவுநாடா வைத்திருப்பவர். சபையார் இருக்கும் நீள மர வாங்கில் துணியை விரித்தார். அளந்தார். மூக்கைச் சுருக்கினார்.

“பிள்ளை, இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் ஆறு. ஒரு அங்குலம் பிழைச்சுப் போச்சே.”

“பிழைக்கேல்லை அங்கிள். விசிறியை விட்டிட்டு எழுத்தை அளவுங்கோ.”

“கனடா மெஷின் பிழை விடாது. நீர்தான் துணியைக் கோணலாப் பூட்டியிருப்பீர்.”

கவனியுங்கள். சரியாக வந்தால் மெஷின் செய்தது. பிழைத்தால் இவள் செய்தது. இந்த நியாயத்தை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ தெரியாது. பிறகு அவர் நாடாவை என்னிடம் நீட்டினார்.

“மியூரியல், நீங்கள் கணக்கு ரீச்சர். நீங்களே சொல்லுங்கோ.”

நான் அளந்தேன். ஏழு. ஆறு.

“ஓம், ஒரு அங்குலம் வித்தியாசம்தான்” என்றேன்.

ஜெயந்தினி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரைக்கும் மறக்கமாட்டேன். “நாடாவை வைச்சிட்டுக் கடைசி வாங்கிலை போய் இருந்து பாருங்கோ அங்கிள்” என்று ஒருதரம் கெஞ்சினாள். “உதெல்லாம் சும்மா கதை, அளவு அளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குக் கொழும்பிலை வாங்கின பழைய துணியையே போடுவம்” என்றுவிட்டார் அவர். அவள் துணியை மடித்துச் சைக்கிள் கூடைக்குள் வைத்தாள்.

வழியில் ஒருமுறைதான் கதைத்தாள்.

“நாடாவை எதிலை பிடிச்சனீங்கள் மச்சாள்?”

“விசிறியின்ரை நுனியிலை.”

“வாசிக்கேக்கை நுனியையோ வாசிக்கிறனீங்கள்?”

வீட்டுக்குப் போய் ஒரு தாளில் ‘நன்றி’ என்று எழுதிப் பார்த்தேன். விசிறியின் நுனியைக் கையால் மறைத்து அளந்தேன். நுனியின் ஒரு அங்குலத்தை விட்டால், அவளுடைய துணியில் இரண்டு பக்கமும் ஏழு. நான் படிப்பித்த முப்பது வருடத்தையும் கிணற்றில் போடலாம்போல இருந்தது. உடனே அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஏற்கெனவே இன்னொரு வெள்ளைத் துணியைச் சட்டத்தில் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“இதை மெஷின் சொல்லுறபடி, அங்கிளின்ரை நாடா சொல்லுறபடி தைக்கப்போறன். இரண்டு பக்கமும் ஆறரை. பிறகு பாப்பம்.”

சனிக்கிழமை காலை கோயில் முழுக்க வாழைக்குலையும் பூசணிக்காயும் சின்ன வெங்காயப் பிடிகளுமாக இருந்தது. இராசசிங்கம் அண்ணை கடைசி வாங்கில் இருந்து வேலை ஏவிக்கொண்டிருந்தார். ஜெயந்தினி நேரே முன்னுக்குப் போய், இரண்டாவதாகத் தைத்த துணியைப் பீடத்தில் தொங்கவிட்டாள்.

“உது இடப்பக்கம் தள்ளி நிக்குதே!” என்று அவர் அங்கிருந்தே சத்தம் போட்டார். “சிலுவைக்கு நேரை இல்லை. உதைத்தானே அண்டைக்கே பிழை எண்டு சொன்னனான்!”

அவள் அதைக் கழற்றிவிட்டு முதல் துணியைப் போட்டாள். சிலுவைக்கு நேர்கீழே ‘நன்றி’ நிமிர்ந்து நின்றது.

“ஆ! இது வடிவு. பாத்தீரோ பிள்ளை, நான் சொன்னபடி அளந்து செய்தால் எப்பிடி வருகுதெண்டு!”

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. போய் அவருடைய பைக்குள் இருந்த நாடாவை நானே உருவி எடுத்து, “வாருங்கோ, இப்ப அளவுங்கோ” என்றேன். வந்து அளந்தார். ஏழு, ஆறு. கழற்றி வைத்த துணியை அளந்தார். ஆறரை, ஆறரை. நாடாவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொருமுறை அளந்தார். பூசணிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“துணி இழுபட்டிருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

துணி மட்டும் பீடத்திலேயே இருந்தது. அது போதும் என்று நினைத்தேன். ஞாயிறு வழிபாட்டின் முடிவில் செயலாளர் எழும்பி நன்றிப் பட்டியல் வாசித்தார். வாழைக்குலை தந்தவருக்கு நன்றி, பூ தந்தவருக்கு நன்றி, கூட்டித் துடைத்தவர்களுக்கு நன்றி. பிறகு, “எமது பீடத்தை அலங்கரிக்கும் இந்த அழகிய துணிக்காக, கனடாவில் இருந்து மெஷினை அனுப்பிவைத்த சகோதரர் ஜொனதனுக்குச் சபையின் நன்றி.”

நான் பாதி எழும்பிவிட்டேன். ஜெயந்தினி என் கையைப் பிடித்து இழுத்தாள். “இருங்கோ மச்சாள்.”

திங்கட்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது மெஷின் விறாந்தையில், வாசலைப் பார்த்தபடி இருந்தது. அதற்கு ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தாள். நாடாவின்படி ஆறரை, ஆறரை. இடப்பக்கம் தள்ளி நின்றது பச்சை ‘நன்றி’.

“என்ன பிள்ளை இது?”

“எல்லாரும் மெஷினுக்குத்தானே நன்றி சொல்லினம். வாறாக்கள் அதுக்கு முன்னாலை நிண்டு சொல்லிப்போட்டுப் போகட்டும்.”

அவள் சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேனே தவிர, அந்தச் சொல்லை நானும் இதுவரை அவளுக்குச் சொல்லவில்லை என்பது வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.