மூன்று ஃபைலிலும் வந்த பேட்ச்

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ட்ரம் உருட்டிக்கொண்டிருந்த என்னை மேனேஜர் ஒருநாள் காலை கம்ப்யூட்டர் ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே இருந்த ஆள் வேலையை விட்டுப் போய்விட்டான். வாசலில் கன்டெய்னர் லாரி நிற்கிறது. எந்த பேட்ச் ட்ரம்களை ஏற்றலாம் என்று சொல்ல ஆள் இல்லை.

"ஏமய்யா, பெர்ல் தெரியும்னியே? செஞ்சு குடு. சரியா வந்தா இந்த சீட்டு உனக்கு. இல்லேன்னா மறுபடியும் ட்ரம்முதான்."

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றது. சூளூர்பேட்டையில் மீன் பெட்டி தூக்கினேன். ஸ்ரீ சிட்டியில் கான்ட்ராக்ட் லேபர். பிறகு திருப்பதியில் ஒரு லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்தபோது, அங்கே தங்கிய ஒருவர் விட்டுப்போன புத்தகத்தை வைத்துக்கொண்டு பெர்ல் என்ற புரோகிராம் மொழியைப் பழகினேன். சாப்பாடு ஒருவேளைதான், கம்ப்யூட்டர் இலவசம்.

மொத்தம் மூன்று டெக்ஸ்ட் ஃபைல்: கூழ் காய்ச்சும் பகுதி, லேப், குடோன். மூன்றிலும் இருக்கும் பேட்ச்சைத்தான் ஏற்றலாம். ஃபைல் வரிகளில் பேட்ச் நம்பரை அடையாளம் காண ஒரு பேட்டர்ன் எழுதினேன். அது பொருந்தும்போதெல்லாம் அந்த நம்பரின் கணக்கில் ஒன்று கூடும். மூன்றுக்குக் குறையாமல் இருந்தால் சரி. ஓட்டினேன், உடனே லிஸ்ட் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகூடப் பார்த்தேன்.

லோடிங் ஆட்கள் லிஸ்ட்டோடு போனார்கள். கொஞ்ச நேரத்தில் லேப் தேவகி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இன்னாண்ணா இது? நான் ஓரமா ஒதுக்கி வெச்ச ட்ரம்மையெல்லாம் உருட்டிக்கினு போறாங்க!"

"மூணு வாட்டிக்கு மேல வந்துகீதும்மா. கம்ப்யூட்டரே சொல்லுது."

"வராம? புளிப்பு ஜாஸ்தியா கீதேன்னு நான்தான் மூணு வாட்டி டெஸ்ட் பண்ணேன். ஒவ்வொரு வாட்டியும் எழுதினேன். உன் கம்ப்யூட்டரு கெட்டதா பாத்துப் பொறுக்குது!"

மேனேஜர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பி என் புரோகிராமைத் திறந்தேன்.

நம்பர் எத்தனை முறை வந்தது என்று எண்ணியிருந்தேன். எத்தனை ஃபைலில் வந்தது என்று எண்ணியிருக்க வேண்டும். லேப் ஃபைலே தனியாக மூன்றைக் கொடுத்துவிட்டது; தேவகி ஒதுக்கிய பேட்ச் குடோன் ஃபைலில் ஏறவே இல்லை. நம்பர்களைக் குறித்துவைக்கும் ஹாஷ் என்கிற பட்டியலுக்குள் இன்னொரு ஹாஷ் வைத்தேன்: பேட்ச் நம்பருக்குக் கீழே ஃபைல் பெயர். ஒரே ஃபைலில் நூறு தடவை வந்தாலும் பெயர் ஒன்றுதான்; மூன்று பெயரும் இருந்தால்தான் லிஸ்ட்டில் வரும். மறுபடி ஓட்டினேன். தேவகி என் பின்னால் நின்று திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"நான் ஒதுக்குனது ஒன்னுகூட இல்ல. ஏத்தச் சொல்லு சார்."

பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

"ரெண்டு லைன் மாத்தறதுக்கு ஒரு பொண்ணு வந்து கத்தணுமா?" என்றார் மேனேஜர். "சரி, உக்காரு. நாளைக்காவது சட்டையில கூழு இல்லாம வா."

தேவகி சிரித்த சிரிப்பில் லோடிங் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

இப்போதும் புது ஃபைல் கைக்கு வந்தால், அதில் எழுதுகிறவர் வேலை செய்யும் இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ஒரே நம்பரை இரண்டாம் முறை எப்போது எழுதுவீர்கள் என்று கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் கீபோர்டைத் தொடுகிறேன்.